கன்னி மூலையில் அடைபட்ட காற்று

"காற்றோட்ட மேலாண்மையில் மாவட்டத்துக்கே முன்மாதிரி, ஈரப்பதக் கட்டுப்பாட்டில் நுண்ணறிவாளர், வாயில்லா உயிர்களின் மூச்சை மதிப்பவர்." வட்டாரக் கோழிப்பண்ணையாளர் சங்கம் முருகானந்தத்துக்கு வழங்கிய பாராட்டுப் பத்திரத்தில் இப்படித்தான் எழுதியிருக்கிறது. மோகனூர் சாலையில் உள்ள தன் வீட்டு வரவேற்பறையில் அதைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்.

கோழிகளைப் பொறுத்தவரை பத்திரம் பொய் சொல்லவில்லை. நாற்பதாயிரம் முட்டைக்கோழிகள் இருக்கும் கொட்டகையில் நுழைந்து மூக்கை ஒருமுறை உறிஞ்சினால் போதும், எந்த வரிசையில் தண்ணீர்க் குழாய் ஒழுகி எரு நனைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பக்கப் படுதாவை ஏற்றிக் கட்ட மறந்த ஆள் அன்றைக்கு அவர் வாயில் விழாமல் தப்ப முடியாது. மனிதர்கள் குடியிருக்கும் கட்டடத்துக்குள் வரும்போது மட்டும், செருப்போடு சேர்த்து இந்த அறிவையும் அவர் வெளியே கழற்றிவிடுகிறார்.

சங்கம் ஏற்பாடு செய்த சுற்றுலாவில் ஏதோ ஒரு பனிநாட்டுக்குப் போனவர், அங்கே ஒரு மரப்பெட்டிக்குள் உட்கார்ந்து வியர்த்துவிட்டு வந்தார். அங்கே அதற்குச் சௌனா என்று பெயர். இங்கே அதற்குச் சித்திரை என்று பெயர். வாசலில் நின்றாலே கிடைக்கும். ஆனாலும் வீட்டின் தென்மேற்கில், படுக்கையறையை ஒட்டியிருந்த சாமான் அறையைக் காலிசெய்து, அதற்குள் ஒரு சௌனா கட்டினார். கட்டிக்கொடுத்தவர் அயோத்தியாப்பட்டணத்துக் கதிர்.

உள்ளே பலகைச் சுவர், பெஞ்சு, மின்சார அடுப்பு, அதன்மேல் கற்கள். கல் சுட்டதும் ஒரு கரண்டி நீர் தெளித்தால் ஆவி எழும். அடுப்பருகே காற்று நுழைய ஒரு துளையும், எதிர்மூலையில் பெஞ்சுக்கு அடியில் ஈரக்காற்று வெளியேற ஒரு துளையும் வைத்த கதிர், குளித்து முடித்தால் கதவைத் திறந்துபோட்டு அடுப்பைக் கால் மணி நேரம் ஓடவிட்டு அறையைக் காயவைக்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார். முருகானந்தம் இரண்டு முறையும் தலையாட்டினார்.

மூன்றாம் நாள் வாஸ்து பார்க்கிற செங்கோட்டையன் வந்தார். சுவரைச் சுற்றிவந்தவர் வெளித்துளையைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"கன்னி மூலையில பொந்து உட்டிருக்கறீங்களே! ஊட்டுல தங்கற செல்வமெல்லாம் இது வழியாத்தானுங்க போவும்."

செல்வம் பெஞ்சுக்கு அடியில் குனிந்து, சாண் அகலத் துளை வழியாக நெளிந்து போகும் என்பதை, பட்டயக் கணக்கர் வைத்துத் தொழில் நடத்தும் ஒரு மனிதர் அப்படியே நம்பினார். அன்று மாலையே துளைமீது பலகை வைத்துத் திருகி, விளிம்பெல்லாம் சிலிக்கான் பூசினார். கதிரிடம் சொல்லவில்லை. சூடு வீணாகக் கூடாதென்று, குளித்து முடித்ததும் கதவையும் இறுக்கிச் சாத்தினார். ஒரு கரண்டி நீர் என்பது கஞ்சத்தனமாகப் பட்டதால் நாலு சொம்பு ஊற்றினார்.

ஆடி பிறப்பதற்குள் பலகைகள் உப்பின. பெஞ்சுக்கு அடியில் கறுப்புப் பூஞ்சை படர்ந்தது. ஈரம் சுவரில் ஏறி, படுக்கையறைப் பக்கம் வண்ணப்பூச்சு கொப்புளித்தது. அந்தச் சுவரோரம் படுக்கும் அவர் மனைவி சாரதாமணிக்கு, சிறுவயதோடு விட்டுப்போயிருந்த மூச்சிளைப்பு திரும்ப வந்தது. மருத்துவர் மருந்து எழுதிக்கொடுத்துவிட்டு, "வீட்டுல பூஞ்சை எங்கேயாவது இருக்குதுங்களா? அது போகாம இது போகாது" என்றார்.

கதிரை வரவழைத்தது சாரதாமணிதான். கதிர் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பெஞ்சுக்கு அடியில் நீட்டினார். புகை அசையாமல் நின்றது.

"இங்க இருந்த ஓட்டை எங்கிங்ணா?"

"அது... சும்மா ஒரு பலகை வெச்சிருக்குது. வேற பக்கம் உட முடியாதா?"

"இந்தப் பக்கம் உங்க படுக்கையறை, அந்தப் பக்கம் சமையலறை, மேல பூஜை அறைங்ணா. ஈரத்த எங்கதான் அனுப்பறது?"

முருகானந்தம் வெளியே போய்ச் செங்கோட்டையனுக்குப் போன் செய்துவிட்டு வந்தார். முகத்தில் தீர்வு கண்டவரின் தெளிவு இருந்தது.

"ஆவணி பொறக்கட்டும், நல்ல நாள் பாத்துச் சொல்றாராம். அது வரைக்கும் நீ மாடியில படுத்துக்க சாமி" என்றார் மனைவியிடம்.

சாரதாமணி இரண்டு முறை மூச்சை இழுத்துக்கொண்டுதான் பேச முடிந்தது. "ஏனுங்க, செட்டுல ஒரு கோழி வாயத் தொறந்து மூச்சு உட்டாப் பாதிச் சோத்துல எந்திரிச்சு ஓடறீங்க. எனக்கு இழுத்தா ஆவணி வரோணுமா?"

"கோழிக்கு ஏது புள்ள வாஸ்து?"

"அப்ப என்னையும் செட்டுலயே கொண்டுபோய் அடைச்சுப் போடுங்க. காத்தாவது வரும்."

கதிர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். சாரதாமணி அவர் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். "வேண்டாங்க்கா, பூஞ்சை மூக்குல ஏறும், நான் கழட்டறனுங்க" என்று கதிர் முன்னால் வந்தார். முருகானந்தம் அவர் தோளைப் பிடித்து நிறுத்தி, "நீ தொட்டீன்னா உனக்கும் ஆகாது கதிரு" என்றார்.

சாரதாமணி முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் நுழைந்தார். நாலு திருகாணிகள். மூன்று வந்துவிட்டன. நாலாவது துருப்பிடித்திருந்தது, அதைக் கழற்ற நடுவில் இரண்டு முறை வெளியே வந்து மூச்சு வாங்க வேண்டியிருந்தது. கடைசியில் சிலிக்கானைக் கத்தியால் கீறிப் பலகையைப் பிடுங்கினார். வெளிவெளிச்சம் உள்ளே விழுந்தது.

பிறகு கதிர் உப்பிய பலகைகளை மாற்றினார், சுவரைச் சுரண்டிக் காயவைத்தார். மூன்று வாரத்தில் சாரதாமணி இளைப்பில்லாமல் தூங்கினார். துளை இன்றுவரை திறந்தே இருக்கிறது.

அதைத் திறந்த அன்று முருகானந்தம் தன் பங்குக்கு டார்ச் பிடித்தார்.