என் மூஞ்சிக்குள் இப்போது ஹீரோ

பாம்பனில் மீன் விற்கும் அக்காவுக்கு என் முகம் ஆகாது. அவர் பார்க்கும் மாயாஜால சீரியலில் வரும் வில்லனின் ஜாடை எனக்காம். ஐஸில் கிடந்த பழைய மீனையே ஒரு வருடமாக என் தலையில் கட்டினார்.

இன்று "வாங்க தம்பி" என்று அழைத்து, அவரே விளமீனின் செவுளைத் தூக்கிக் காட்டினார். ரத்தச் சிவப்பு.

"என்னக்கா, திடீர்னு?"

"வில்லன் கூடு விட்டுக் கூடு பாஞ்சு ஹீரோ ஒடம்புக்குள்ள போயிட்டான். இப்ப ஒங்க மூஞ்சிக்குள்ள இருக்கது ஹீரோதான்."

"எனக்குள்ள நான்தான்க்கா இருக்கேன்" என்றேன் எரிச்சலாக.

"அந்த ஹீரோப் புள்ளயும் அப்படித்தான் சொல்லி அழுகுது. ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாக."

அடுத்த வாரம் இருவரும் பழையபடி மாறிவிடுகிறார்களாம், ப்ரோமோ வந்துவிட்டது. நல்ல மீன் வேண்டுபவர்கள் அதற்குள் சொல்லிவிடுங்கள். என் முகத்துக்கு இன்னும் ஐந்து நாள்தான் மரியாதை.