குவித்த கைகள்

இன்றைக்கு வெம்பிளியிலும் குட்மேய்ஸிலும் எனக்குக் கடைகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். பட்டம் வாங்கியவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். ஐரோப்பியப் பிரபுக்களையும் ஜப்பானியச் சாமுராய்களையும் பற்றி யார் பேசினாலும் விடமாட்டேன். அந்தப் படிப்பை எட்டு வயதிலேயே முடித்துவிட்டேன்.

அப்போது டூட்டிங்கில் பெரியப்பாவின் பலசரக்குக் கடைக்கு மேலே இருந்தோம். எங்களை லண்டனுக்குக் கூப்பிட்டவர் அவர்தான். அப்பாவுக்கு அந்தக் கடையில் வேலை. அதற்குக் கூலி ஓர் அறையும் அரிசி மூட்டையும். வெம்பிளியில் திறக்கப்போகும் கடை அப்பாவுக்கென்று பெரியப்பா சொல்லியிருந்தார். கடை திறந்தாயிற்று. சாவி வரவில்லை.

மாமா ஓர் அருங்காட்சியகத்தில் காவலாளி. ஒரு ஞாயிறு என்னைக் கூட்டிப்போனார். மங்கிய வெளிச்சத்தில் இரண்டு கவசங்கள் எதிரெதிரே நின்றன. ஒன்று வெறும் இரும்பு. மற்றது கறுப்பு அரக்குப் பூசி, சிவப்புப் பட்டுக் கயிற்றால் கோத்தது. உள்ளே ஆளில்லை. ஆனாலும் மூச்சு விடுவதுபோல் இருந்தது.

“இந்த இரும்புக்கார வெள்ளைக்காரன் தன்ரை பிரபுவுக்கு முன்னாலை முழங்காலிலை நிண்டு கையைக் குவிப்பான். பிரபு அதைப் பொத்திப் பிடிச்சு, நிலம் தாறன், காவலும் தாறன் எண்டு சொல்லுவான். பிரபு சொன்னபடி செய்யாட்டி இவன் விட்டிட்டுப் போகலாம்,” என்றார் மாமா.

“மற்றவர்?”

“அவன் ஜப்பான்காரன், பாவம். அவனுக்குப் பிரபு தகப்பன் மாதிரி. அரிசி குடுப்பான். வாய் திறந்து கேக்கேலாது, போகவும் ஏலாது.”

பிறகு பல நாள் அரிசி மூட்டைகளின் மேல் படுத்து, அந்த இருவரும் டூட்டிங் தெருவில் பனிப்புகைக்குள் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை வருடப்பிறப்பன்று கைவிசேடம் வாங்கக் கடையில் கூடினோம். பெரியப்பா வெற்றிலையில் நாணயம் வைத்து நீட்ட, அப்பா இரு கைகளையும் குவித்து வாங்கினார்.

“பெரியப்பா, அப்பாவின்ரை கையைப் பொத்துங்கோ. வெம்பிளிக் கடை தாறன் எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி அப்பா ஜப்பான்காரர்,” என்றேன்.

மாமா இருமினார். “ஆர் இவளுக்கு உதெல்லாம் சொல்லிக் குடுக்கிறது?” என்று பெரியப்பா சிரித்தார்.

“பிள்ளை கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ, அண்ணை,” என்றார் அப்பா. அவருடைய கைகள் குவிந்தபடியே இருந்தன.

பெரியப்பா அடுத்த வெற்றிலையை எடுத்தார்.

அந்தக் கிழமையே பெரியப்பாவை விட்டு வெம்பிளிக்குப் போனோம். கடைக்கல்ல, ஒரு வாடகை அறைக்கு. ரயிலில் அப்பா என் இரண்டு கைகளையும் சேர்த்துத் தன் கைகளுக்குள் பொத்திப் பிடித்து, இறங்கும்வரை அப்படியே வைத்திருந்தார்.

“எனக்குக் குளிரேல்லை அப்பா,” என்றேன்.