தலையாட்டும் ஸ்டானிஸ்லாஸ்

காசிமேட்டுப் பக்கம் ஸ்டானிஸ்லாஸைத் தெரியாத பேண்டு வாத்தியக்காரன் கிடையாது. டிரம்முக்குத் தோல் மாற்ற வேண்டுமா, சுருதி ஏற்ற வேண்டுமா, அவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். வார நாளில் சாத்தாங்காட்டு இரும்பு யார்டு ஒன்றில் தகடு அறுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடுகிற கொயருக்கு டிரம்ஸ்.

தகடு அறுக்கிற சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. ஒரேயடியாக அல்ல, கரையான் அரிக்கிற மாதிரி. முதலில் குக்கர் விசில் போயிற்று. பிறகு லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது போடுகிற பீப் சத்தம். பிறகு மகள் ஜானட்டின் குரலிலேயே பாதி. கனமான சத்தங்கள் மட்டும் மிச்சம் இருந்தன. பெரிய டிரம் கேட்கும். சடசடவென்று பேசுகிற சின்ன ஸ்னேர் டிரம்மோ அட்டைப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருக்கும்.

இது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் வாங்கியதுதான் டென்ஷன் மீட்டர். கைக்கு அடக்கமான வட்ட முகம், அதில் ஒரு முள். தோலின் மேல் வைத்தால் எவ்வளவு இறுக்கம் என்று முள் சொல்லும். சுற்றியுள்ள எல்லாத் திருகாணிகளுக்குப் பக்கத்திலும் முள் ஒரே இடத்தில் நின்றால் போதும், டிரம் சரியாகப் பேசும். காது எதற்கு? "அண்ணாத்த மிஷின் வச்சி டியூன் பண்ணுதுடா!" என்று பையன்கள் வாயைப் பிளந்தார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்!

டிரம்முக்கு மீட்டர் இருந்தது. மனிதர்களுக்கு? அதற்கு ஸ்டானிஸ்லாஸ் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். யார் எதைச் சொன்னாலும் சிரித்தபடி தலையை ஆட்டி, "சரி சரி" என்பார். தன் மாமியார் தவறிப்போன செய்தியைச் சொல்ல வந்த யார்டு கூட்டாளி மஜீதிடமும் அப்படியே சிரித்து வைத்தார். அந்த மனுஷன் இன்றுவரை இவரோடு பேசுவதில்லை.

ஒருநாள் ஜானட் சலித்துக்கொண்டாள். "இன்னா நைனா, செவிடன் காதுல சங்கு ஊதுன கணக்கா கீது! எத்தினி தபா கூவுறது?"

சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். அவருக்கோ, கண்டுபிடித்துவிட்டாளோ என்று இருந்தது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்தான் சோற்றில் மறைப்பது?

திருவிழாவுக்கு முந்தின நாள் மாலை. கொயர் கீழே பீடத்தண்டை பாட்டுப் பழகிக்கொண்டிருந்தது. ஸ்டானிஸ்லாஸ் மேலே மாடத்தில் ஸ்னேர் டிரம்முக்குப் புதுத் தோல் போட்டு ஏற்றிக்கொண்டிருந்தார். மீட்டரை வைப்பார், முள்ளைப் பார்ப்பார், சாவியை இம்மி திருப்புவார், எதிர்ப்பக்கத் திருகாணிக்குப் போவார். நடுவில் நிமிர்ந்தபோது கீழே கொயரை நடத்துகிற பென்னி இரண்டு கையையும் வீசி என்னவோ சொன்னான். முடிந்துவிட்டதா என்று அவசரப்படுத்துகிறான் போல. வழக்கப்படி தலையை ஆட்டி, "சரி சரி, நீ போ, வர்றேன்" என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

முள் எல்லா இடத்திலும் ஒன்றுபோல நின்றது. திருப்தியோடு எழுந்து கீழே பார்த்தார். யாரும் இல்லை.

மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. கீபோர்டில் விளக்கு எரிந்தது. பாட்டுப் புத்தகங்கள் தரையில் கவிழ்ந்து கிடந்தன. இறங்கி வாசலுக்கு வந்தார். செருப்புகள் ஜோடி கலைந்து மூலைக்கு ஒன்றாகக் கிடந்தன. எதிரில் டீக்கடை அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, கடைக்காரனைக் காணோம். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. ஸ்டானிஸ்லாஸ் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு பேரும் எங்கே போனார்கள்? என்னை மட்டும் விட்டுவிட்டு எதற்குப் போனார்கள்?

அப்போதுதான் கண் எரிந்தது. தொண்டையில் மிளகாய்ப் பொடி போட்ட மாதிரி ஒரு கமறல். தெருக்கோடி ஐஸ் பேக்டரியில் அமோனியா கேஸ் கசிந்திருக்கிறது! அப்படியானால் சைரன் ஊதியிருக்கும். ஊர் மொத்தமும் கேட்டிருக்கும்.

ஈரத் துப்பட்டாவை மூக்கோடு சுற்றிக்கொண்டு ஜானட் ஓடி வந்தாள். துணிக்குள் வாய் மறைந்திருந்ததால் அவள் கத்தியது எதுவும் அவருக்கு எட்டவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். காற்றுக்கு எதிராகக் கடற்கரை வரைக்கும் ஓடிய பிறகுதான் நின்று துணியை அவிழ்த்தாள்.

"நைனா, சைரன் கேக்கல உனுக்கு?"

அவள் உதட்டைப் படித்துவிட்டார். தலை தானாக ஆடப் பார்த்தது, அடக்கிக்கொண்டார். இருமிக்கொண்டே மகளின் இரண்டு கையையும் பிடித்தார்.

"யாராண்டயும் சொல்லாத கண்ணு. தெரிஞ்சா யார்டுல கேட்டுக்குள்ளயே வுட மாட்டாங்கோ. கோயில்ல குச்சியப் புடுங்கிக்குவாங்கோ. நான் அப்பால இன்னாத்துக்கு உயிரோட கீறது?"

ஜானட் அழுதுகொண்டே முகத்தைத் திருப்பி ஏதோ சொன்னாள். 'யார்டு', 'லாரி' என்ற இரண்டு சொல்தான் அவருக்குப் பிடிபட்டது. "சரி சரி" என்று தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

கேஸ் அடங்கி, இருட்டுவதற்குள் ஜனங்கள் திரும்பி வந்தார்கள். கோயில் வாசலில் பென்னி ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டான். முகத்துக்கு நேராக நின்று பேசியதால் எல்லாம் விளங்கிற்று.

"அண்ணாத்த! கீயேந்து உயிரு போற மாரி கத்துறேன், நீ பாட்டுக்கு 'போ, வர்றேன்'னு கை காட்டுறே! ஊரே ஓடுது, நீ டிரம்ம வுட்டு எந்திரிக்கல! இன்னா தில்லு உனுக்கு!"

கொயரே கை தட்டியது. பாட்டுக்கார ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸ்டானிஸ்லாஸுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. தப்பித்தோமடா சாமி! "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று சிரித்தார்.

பென்னியின் சிரிப்பு மெல்ல வடிந்தது. கைதட்டிய கைகள் நின்றன. ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டாள். ஒருவரும் இப்போது அவரைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

ஸ்டானிஸ்லாஸ் பயந்து பயந்து திரும்பினார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஜானட் நின்றாள். முகமெல்லாம் கண்ணீர். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "நைனா" என்று அவள் உதடு இன்னொரு முறை அசைந்தது. எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளோ, அவருக்குத் தெரியவில்லை.