குறையாத டப்பா

உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் அம்மா ஒரு பிடி எடுத்துப் பால்பவுடர் டப்பாவில் போடுவாள். எங்கள் சபைப் பெண்கள் எல்லோருக்கும் இருந்த பழக்கம் இது. யார் தொடங்கியது என்று அம்மாவுக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போது கோயிலில் எல்லா டப்பாவையும் ஒரே கூடையில் கொட்டுவார்கள். அந்த வாரம் யார் வீட்டில் அரிசி இல்லையோ, அங்கே போகும்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். பயப்படுவதில் இன்றைக்கு எப்படியோ அன்றைக்கும் அப்படித்தான். அப்பா வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போயிருந்தார். மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது என்றார்கள். நான் தினமும் அரிசி மூட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். முழங்கை வரை புதைந்த கை, மணிக்கட்டோடு நின்றது.

அத்தை வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னா அண்ணி, வூட்ல இருக்கறதே கம்மி. இதுல சாமிக்கு வேற அளந்துகினு இருக்கீங்க?"

"சாமி எங்க துன்றாரு? இல்லாதவங்க துன்றாங்க."

"அப்ப நாம இன்னா, இருக்கறவங்களா?"

அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தை சொல்வதுதான் சரி என்று பட்டது.

மறுநாளிலிருந்து, அம்மா குழாயடிக்குப் போனதும், டப்பாவிலிருந்து எடுத்து மூட்டையில் போட்டுவிடுவேன். அம்மாவின் ஒரு பிடி எனக்கு இரண்டு பிடி. சனிக்கிழமை டப்பாவின் அடி தெரிந்தது. காலையில் அம்மா திறந்து பார்ப்பாளே என்று மூடியை இறுக்கி மூடிவைத்தேன்.

ஞாயிறு காலை அம்மா டப்பாவை எடுத்தாள். விளிம்பு வரை அரிசி.

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. யார் நிரப்பியது என்று எனக்கா தெரியாது? பைபிளில் வரும், பானையில் மாவு குறையாத விதவையின் கதையை ஓய்வுநாள் பள்ளி அக்கா போன வாரம்தானே சொன்னாள். ஆண்டவரே நிரப்பும்போது நான் எடுத்தால் என்ன? அடுத்த இரண்டு வாரமும் தைரியமாக எடுத்தேன். ஞாயிறுதோறும் டப்பா நிறைந்தே இருந்தது. என் ஆயுளில் நான் கவலையில்லாமல் இருந்தது அந்த இரண்டு வாரம்தான்.

இப்போது சின்னசேலத்தில் எனக்கு மட்டும் சமைக்கிறேன். ஒரு பிடி எடுக்கும்போதே நாளைக்கு என்ன என்ற பயம் வந்துவிடும். டப்பாவைத் திறந்து பார்ப்பேன். போட்டது போட்டபடி இருக்கும். எடுக்க இங்கே ஒரு சின்னக் கை இல்லை. எடுத்தது தெரிந்தும் கேட்காமல் இருக்க அம்மாவும் இல்லை.

அந்த நாட்களில் தம்பிக்கும் எனக்கும் சோறு போட்டுவிட்டு, அம்மா வடித்த கஞ்சியில் உப்பைப் போட்டு எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுவாள். "எனக்கு இப்பல்லாம் கஞ்சிதான் புடிக்குது" என்பாள். கஞ்சி பிடித்தவர்களும் உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிக்கொள்வேன்.

மூன்றாவது வாரம் அப்பா ஜீப்பில் வந்து இறங்கினார். பையைக் கீழே வைக்காமலே அம்மாவைப் பார்த்தார்.

"இன்னாம்மே, இப்புடி எளைச்சிப் போயிட்ட?"

அம்மா என்னை ஒரு முறை பார்த்தாள்.

"உங்கள நெனச்சிக்கினே இருந்தேன், அதான்."

அப்பாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. அவரைப் பார்த்து, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.