மேம்பாலத்துக்கு ஒரு பின்சக்கரம்

என் சைக்கிளை விற்பது என்று வீட்டுக்காரர் முடிவு செய்தபோது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "முட்டி வலிக்குதா, இல்லையா?" என்று மட்டும் கேட்டார். வலிக்கிறது என்றேன். "அப்ப முடிஞ்சுச்சு. நாளையிலருந்து ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காரு" என்று சொல்லிவிட்டு மோர் குடிக்கப் போய்விட்டார்.

நான் காரைக்குடியில் அங்கன்வாடி டீச்சர். எங்கள் வீட்டுக்கும் அங்கன்வாடிக்கும் நடுவே ஒரு ரயில்வே மேம்பாலம். ஐம்பத்து நான்கு வயதில் அதை மிதித்து ஏற முடியாமல் பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். தள்ளுவது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. அதைப் பார்க்கிறவர்களுக்குத்தான் தாங்கவில்லை. ஒவ்வொருவராக வந்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் அரசு பஸ் டிரைவராக இருந்து போன வருடம்தான் ரிட்டயர் ஆனவர். தன் பெண்டாட்டி வண்டி தள்ளுவது அவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

ஒரு வாரம் ஸ்கூட்டரில் போனேன். வண்டி நல்ல வண்டிதான், ஓட்டுகிறவர்தான் இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. பஸ் ஸ்டாப் வந்தால் வேகம் தானாகக் குறையும். தெரிந்த முகம் தெரிந்தால் வண்டி நிற்கும். டீக்கடை வாசலில் எனக்கு ஒரு டீயும் தனக்கு இரண்டு பேச்சும். ஆறு நாளில் நான்கு நாள் லேட். திரும்பும்போது நான் நினைத்த காய்கறிக் கடையில் நிற்காது, அவர் நினைத்த கடையில் நிற்கும். இருபத்தாறு வருடமாக நினைத்த இடத்தில் நின்று, நினைத்தபோது கிளம்பியவள் நான். சனிக்கிழமை கத்தரிக்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது அழுகையே வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகைதான்.

அன்றைக்கே கேட்டுவிட்டேன். "பாலத்துல எறங்காம ஏறிட்டா?"

"ஏறு, பாப்போம். கால் தரையில பட்டுச்சுன்னா அன்னைக்கே சைக்கிள் பழைய இரும்புக் கடைக்குப் போயிரும்."

"படலேன்னா?"

"அப்புறம் நான் வாயே தெறக்கல."

அவர் வாய் திறக்காமல் இருப்பதற்காகவே ஏறலாம் போலிருந்தது.

பெங்களூரில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னேன். கியர் சைக்கிள் வாங்கச் சொன்னாள். அவளுக்கென்ன, பேன்ட் போடுகிறவள். வெளியே கியர் தொங்குகிற சைக்கிளில் முழு செயின் கவர் மாட்ட முடியாது, கவர் இல்லாவிட்டால் என் புடவை முந்தானை வரைக்கும் செயினுக்குள் போய்விடும். "அப்ப ஹப்புக்குள்ளயே கியர் இருக்கிற மாதிரி ஒண்ணு இருக்கும்மா, கவர கழட்டவே வேண்டாம்" என்று ஒரு படம் அனுப்பினாள். சக்கரத்தின் நடுவே தடித்த குடம், அதன் ஓரத்திலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பொடிச் சங்கிலி. மூன்று கியரும் அந்தக் குடத்துக்குள்ளே.

படத்தை எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடம் காட்டினேன். எதைக் காட்டினாலும் முதலில் உதட்டைப் பிதுக்குகிற மனுஷன். என் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, படத்தையும் பெரிதாக்கி, கம்பி மாட்டுகிற ஓட்டைகளை எண்ணினார்.

"டீச்சர், ஒங்க ரிம்முல நாப்பது ஓட்டை. இதுல முப்பத்தாறு. மிச்ச நாலு ஓட்டைல என்ன, பூ வைக்கப் போறீகளா?"

ஹப் மட்டும் வாங்கினால் போதாது, ரிம், கம்பி எல்லாம் புதிதாக வேண்டும். அந்தக் காசுக்கு என் சைக்கிளைப் போல இரண்டு சைக்கிள் வாங்கி வாசலில் கட்டிப்போடலாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வருகிற வழியில்தான் பழம்பொருள் கடைத் தெரு. ஒரு கடை வாசலில் லேடீஸ் சைக்கிள் ஒன்று வார்னிஷ் வாசனையோடு நின்றது. பார்த்ததும் பிரேக் பிடித்தேன். பின்சக்கரத்தின் நடுவே தடித்த குடம், ஓரத்தில் பொடிச் சங்கிலி!

"பர்மாவுலருந்து கப்பல்ல வந்தது டீச்சர். கொத்தமங்கலத்துல ஒரு ஆச்சி ஓட்டுனது" என்றார் கடைக்காரர். அந்தக் கடையில் பர்மாவிலிருந்து வராதது அவர் மட்டும்தான். விலையைக் கேட்டேன். தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினேன்.

"இருங்க, இருங்க. இந்தப் பின்சக்கரம் எங்க வாங்குனீக?"

"ஏன்?"

"என்னமாத் துருப்புடிச்சிருக்கு!"

கேலி செய்கிறாரோ என்று முறைத்தேன். இல்லை, மனுஷன் உட்கார்ந்து என் சக்கரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சங்கடம் அவருக்கு. பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றுகிறவர்கள், வாசலில் அலங்காரமாக நிறுத்த என்று வந்து சைக்கிளைப் பார்க்கிறார்கள். எல்லாம் பிடிக்கிறது, பின்சக்கரம் மட்டும் பளபளவென்று புதுசு போலிருக்கிறதே, நிஜமாகவே பழசுதானா என்று சந்தேகப்பட்டுப் போய்விடுகிறார்கள். உப்புத் தண்ணீர்கூட ஊற்றிப் பார்த்தாராம். துரு ஏறவில்லையாம்.

"ரெண்டும் இருவத்தாறு இஞ்சுதான். மாத்திக்கிருவமா?" என்றார்.

ஐயோ, அந்த இடத்தில் சிரிக்காமல் நின்றேனே, அதற்கே எனக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும். "இருவத்தாறு வருசத் துருங்க. சும்மா வருமா?" என்று இழுத்தேன். அவர் கெஞ்ச, நான் பிகு பண்ண, கடைசியில் ஹேண்டில்பாரில் இருந்த கியர் லீவரையும் கேபிளையும் கொசுறாக வாங்கிக்கொண்டுதான் சம்மதித்தேன். என்னை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் அவர் எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். நானும் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லாமல் குடித்தேன்.

சைக்கிள் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே ஹப்பை மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் விட்டு, சக்கரத்தின் கோட்டம் எடுத்து மாட்டினார். செயின் கவரும் பழையபடி உட்கார்ந்தது. கடை வாசலில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே பெடல் சடாரென்று காற்றில் சுற்றியது, வலிக்கிற முட்டியே ஹேண்டில்பாரில் போய் இடித்தது. கண்ணில் பூச்சி பறந்தது. பாலத்தின் நடுவில் இப்படி நடந்தால் சைக்கிளோடு நானும் இரும்புக் கடைக்குத்தான். கேபிள் தொய்வாக இருந்ததுதான் காரணமாம். கேபிளோடு சேருகிற அந்தப் பொடிச் சங்கிலியைத் திருகி இறுக்கினார், அப்புறம் நழுவவில்லை.

திங்கட்கிழமை காலை. நான் முன்னால், நீதிபதியாக அவர் ஸ்கூட்டரில் பின்னால். பாலம் தொடங்கியதும் லீவரை முதல் கியருக்குத் தள்ளினேன். கால் லேசாகச் சுற்றியது, சைக்கிள் எறும்பு போல ஊர்ந்தது. நடந்து போன ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். போகட்டும். முட்டி வலிக்கவில்லை!

பின்னால் 'சரக்' என்று செருப்பு தேய்கிற சத்தம். கொஞ்ச தூரத்தில் இன்னொரு சரக். நான் போகிற வேகத்தில் ஸ்கூட்டர் நிலை கொள்ளவில்லை, ஆடுகிறது, விழாமலிருக்க அவர் காலை ஊன்றுகிறார். உச்சிக்குப் போவதற்குள் மூன்று முறை ஊன்றினார், அவருக்குப் பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரனை விட்டுக் கையெடுக்கவே இல்லை. இறக்கத்தில் மூன்றாவது கியர் போட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

அங்கன்வாடி வாசலில் அவருக்காகக் காத்திருந்தேன். "பாலத்துல கால ஊனுனது யாருங்க?" என்று கேட்கத் தயாராக நின்றேன். வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"ஏறிட்டியே" என்றார்.

"ஏறிட்டேன்ல! இனி வாயத் தெறக்க மாட்டீகள்ல?"

"தெறக்கல. ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன்." சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "நாளையிலருந்து காலையில நான் எங்குட்டுப் போறது?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன், சட்டையை இஸ்திரி போட்டிருந்தார், முகம் மழித்திருந்தார். அந்த ஒரு வாரமும் ஏழு மணிக்கே அப்படித்தான் கிளம்பி நின்றார். கேட்கத் தயாராக வைத்திருந்த கேள்வியை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம தேவகோட்டைக்குப் போகணும். நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்" என்றேன்.

"என்ன வேல?"

"இருக்கு. சொல்றேன்."

தலையாட்டிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினார். "காலையில வெள்ளனே கெளம்பிரணும், லேட் பண்ணாத" என்று அதட்டிவிட்டுப் போனார். தேவகோட்டையில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது.