இர்வாவின் ஓநாய்த்தோல் அங்கி

ஹெல்மார் ராஜ்யத்தின் வடகோடியில், ஏரிக்கரை ஊரான ஸ்க்ரோவுக்கு இர்வா மருமகளாக வந்து இறங்கிய அன்று, பெண்கள் அவள் முகத்தைப் பார்க்கும் முன் அவள் அங்கியைத்தான் பார்த்தார்கள். அந்த ஊரில் எல்லோருக்கும் பனிமான் தோல் அங்கிதான். இர்வாவின் அப்பா மலையில் வேட்டையாடியவர். மகளுக்கு ஓநாய்த்தோலில் அங்கி தைத்து அனுப்பியிருந்தார். மற்ற அங்கிகளைப் போலவே தோல் வெளிப்பக்கமாக, மரப்பட்டைச் சாயத்தில் சிவப்புக் கோலம் போட்டு இருந்தது. ரோமம் உள்ளே உடம்போடு கிடந்தது. கழுத்தோரத்தில் மட்டும் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது.

"ஓநாய்க்குப் பொறந்தவ வந்துட்டா, மான்குட்டியெல்லாம் உள்ள புடிச்சுக் கட்டுங்க" என்று புருஷனின் அண்ணன் மனைவி ஓல்மா சொல்ல, கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

ஆனால் இர்வாவைவிடப் பயந்த பெண் அந்தக் கரையிலேயே கிடையாது. மலையில் பிறந்தவளுக்கு ஏரி பழகவே இல்லை. குளிர் ஏற ஏற உறைந்த ஏரி அடியிலிருந்து முனகும். அந்தச் சத்தம் கேட்டால் புருஷன் தோர்மெக்கின் கையைப் பிடித்துக்கொள்வாள். ஏரி சோம்பல் முறிக்கிறது, வேறொன்றும் இல்லை என்று அவன் சிரிப்பான். மகள் சுனி பிறந்து, அவள் ஓடியாடத் தொடங்கிய பிறகும் இர்வாவின் பயம் போகவில்லை.

சுனிக்கு ஏழு வயதானபோது, குளிர்காலத்தின் தொடக்கத்தில், மீன் ஏற்றிய சறுக்கு வண்டியோடு தோர்மெக் பனி உடைந்து ஏரிக்குள் போய்விட்டான். அவன் தொப்பி மட்டும் கிடைத்தது.

அந்த ஊர் வழக்கப்படி இர்வா அன்றே அங்கியை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஒரு வீட்டுக்குள் வந்துபோன சாவு அந்த வீட்டு அங்கியின் சிவப்புக் கோலத்தை நினைவில் வைத்திருக்குமாம். கோலத்தை உள்ளே மறைத்து ரோமத்தை வெளியே காட்டினால் அடையாளம் தெரியாமல் கடந்து போய்விடுமாம். ஏரிப்பனி உடையும்வரை விதவை அப்படித்தான் நடமாட வேண்டும். வெட்டவெளியில் அதைக் கழற்றிவிட்டால் சாவு பார்த்துவிடும். அடுத்து அந்த வீட்டுப் பிள்ளையைத்தான் தேடி வரும்.

மற்ற விதவைகளின் அங்கியைத் திருப்பினால் பழுப்பு நிற மான் ரோமம் தெரியும். இர்வாவின் அங்கியைத் திருப்பியதும் ஓநாய் நின்றது. தெரு நாய்கள் அவளைக் கண்டு பல்லைக் காட்டின. கிணற்றடியில் குனிந்து நிமிர்ந்தவளைப் பார்த்து ஒரு பெண் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். இர்வாவுக்கே தன் நிழலைப் பார்க்கத் துணிவில்லை.

அந்த வருடம் பார்த்து மலையிலிருந்து ஓநாய்க் கூட்டமும் இறங்கிவிட்டது. மான்கள் போயின, பிறகு ஒரு மேய்ப்பனும் போனான். வீட்டுக்கு ஓர் ஆள் துப்பாக்கியோடு ஏரிக்கரையைக் காக்க வேண்டும் என்று அரசரின் ஆணை வந்தது. ஓல்மாவின் புருஷன் கெத்திரும் போனார்.

இர்வா வீட்டில் சாப்பாட்டுக்கு ஒன்றும் மிச்சமில்லை. தோர்மெக் உலர்த்தி வைத்த மீன் ஏரிக்கு அக்கரையில், அவன் குடிசையில் இருந்தது. எடுத்து வந்து தருகிறேன் என்று சொன்ன கெத்திரோ காவலுக்குப் போய்விட்டார். எத்தனை நாள்தான் ஓல்மா வீட்டுக் கஞ்சியில் பிள்ளையை வளர்ப்பது? ஒரு நண்பகலில் சுனியை ஓல்மாவிடம் விட்டுவிட்டு, அவள் வீட்டு வெறும் சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு இர்வா ஏரியில் இறங்கினாள்.

தூள்பனி முழங்கால் உயரத்துக்குப் புகைபோலப் பறந்தது. பாதி ஏரி வந்ததும் அடியில் முனகல் கேட்டது. புருஷன் அங்கேதான் எங்கோ கிடக்கிறான் என்ற நினைப்பு வர, அடுத்த அடி வைக்காமல் நின்றாள். பனி தாங்குமா என்று பார்க்க மண்டியிட்டு, கைகளை ஊன்றி, காதைப் பனியில் வைத்தாள்.

பக்கத்தில் பனி தெறித்தது. அதன் பிறகுதான் வெடிச்சத்தம் வந்து சேர்ந்தது.

ஏரி உடைகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். தலையைத் தூக்கினால், தூரத்தில் இரண்டு ஆட்கள். ஒருவன் துப்பாக்கியை நிமிர்த்தி மருந்து கெட்டித்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் அவள் பக்கமாகக் கையைக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் கத்தினாள். காற்று அவர்கள் பக்கமிருந்து வீசியதால் கத்தியதெல்லாம் அவளுக்குப் பின்னால் போயிற்று. குண்டுக்குப் பயந்து தவழ்ந்தபடியே பின்வாங்கினாள். தவழத் தவழ ஓநாயாகத்தான் தெரிகிறோம் என்று உறைத்தபோது இரண்டாவது குண்டு காதோரம் இரைந்துகொண்டு போனது.

அங்கியைக் கழற்றினால் மனுஷி என்று தெரியும், கழற்றினால் சாவு சுனியைத் தேடி வரும். கழற்றாவிட்டால் சுனிக்கு அம்மாவும் இல்லை. அந்த வெட்டவெளியில் அவளால் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. அங்கியின் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தாள். தலைவழியாக உருவி எறிந்தாள். உள்ளே போட்டிருந்த சிவப்புக் கம்பளிச் சட்டையோடு எழுந்து நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தினாள். குளிர் மார்பில் குத்தியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அடுத்த வெடிக்காகக் காத்திருந்தாள்.

வெடிக்கவில்லை. ஓடிவரும் காலடிகள் கேட்டன. வந்தது கெத்திர். அங்கியை எடுத்து அவள் தலையில் மாட்டிவிட்டு அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்.

"சுட்டது நான்தான் புள்ள" என்றார். "ரெண்டு தடவையும் நான்தான்."

பின்னால் வந்த இன்னொரு காவல்காரன் மோஸ்வர் அவளைப் பார்க்கவில்லை. பனியில் அங்கி விழுந்து கிடந்த தடத்தைத்தான் பார்த்தான்.

"வெளிய கழட்டிட்டாளே" என்றான்.

"நீ பாக்கல. நானும் பாக்கல" என்றார் கெத்திர்.

ஆனால் மோஸ்வர் பார்த்திருந்தான். கொஞ்ச நாளில் ஊருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் இர்வாவைத் திட்டவில்லை. அவள் வீட்டு வாசலைக் கடக்கும்போது தங்கள் பிள்ளைகளை மறுபக்கமாக இழுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அக்கரை மீனைக் கெத்திர்தான் எடுத்து வந்து கொடுத்தார். சுனி தும்மினாலே இர்வா கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். கதவிடுக்குகளில் காய்ந்த பாசியைத் திணித்து அடைத்தாள். உறங்கும் பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள்.

பயந்தது நடந்தது. குளிர்காலம் முடியும் தறுவாயில் சுனிக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது, அப்பாவைக் கூப்பிட்டுப் பிதற்றினாள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நான்தான் சாவுக்குக் கதவைத் திறந்துவிட்டேன் என்று இர்வா தனக்குள் சொல்லிச் சொல்லிக் கல்லாகிப் போனாள்.

மறுநாள் காலையில் கதவு திறந்தது. வாசலை அடைத்துக்கொண்டு பழுப்பு ரோமத்தோடு ஓர் உருவம் நின்றது. இர்வா பிள்ளைமேல் கவிழ்ந்துகொண்டாள்.

"நான்தான்டி" என்றது ஓல்மாவின் குரல்.

ஓல்மா தன் அங்கியைத் திருப்பிப் போட்டிருந்தாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது அப்படிச் செய்தவள் அந்த ஊரில் யாரும் இல்லை.

"அக்கா, என்ன காரியம் பண்ணிட்டீங்க? மாமாவுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"மாமாதான சுட்டாரு." ஓல்மா அடுப்பில் விறகைத் தள்ளினாள். "எம்பங்குக்கு நானும் மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். வர்ற சாவு எது எந்த வீடுன்னு கொழம்பட்டும். நீ போய் மூஞ்சியக் கழுவு."

காய்ச்சல் இறங்கும்வரை ஓல்மா அங்கேயே இருந்தாள். கெத்திர் தினமும் விறகு கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டு, உள்ளே வராமல் இருமிக் காட்டிவிட்டுப் போவார். அந்த இருமல் கேட்டால்தான் ஓல்மாவுக்குச் சோறு இறங்கும்.

சுனி பிழைத்துக்கொண்டாள். கெத்திருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏரிப்பனி உடைந்த அன்று ஓரகத்திகள் இருவரும் கரையில் நின்று ஒன்றாக அங்கியைத் திருப்பினார்கள். இர்வாவின் சிவப்புக் கோலம் வேர்வையில் பாதி அழிந்திருந்தது. மறுபடி தீட்டித் தருகிறேன் என்று ஓல்மா சொல்லியும், அடையாளம் இல்லாமலே இருக்கட்டும் என்று இர்வா வேண்டாம் என்றுவிட்டாள்.

அதன் பிறகு அவள் நெடுங்காலம் வாழ்ந்தாள். மகள் கல்யாணமாகி அக்கரைக்கே போனாள். மகளைப் பார்க்க எல்லோரும் குறுக்கே பனியில் நடந்து போக, இர்வா மட்டும் கரையைச் சுற்றிக்கொண்டு போவாள். போய்ச்சேர ஒரு பகல் முழுக்க ஆகும். ஏன் இந்த அலைச்சல் என்று மருமகன் கேட்டால், எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, சூடாக என்ன இருக்கிறது என்று கேட்டபடி அடுப்போரம் உட்கார்ந்துகொள்வாள்.