செவலை நாயின் காது

உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில், என் கணவரின் அண்ணனோடு நான் நேருக்கு நேர் பேசக்கூடாது. மூத்தார் எதிரே வந்தால் கதவுக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும். சோறு ஆறுகிறது, வண்டி வந்துவிட்டது, எதுவானாலும் தூணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நான் நாயைப் பார்த்துச் சொன்னேன். தூணுக்கு அது எவ்வளவோ மேல். காதைத் தூக்கிக்கொண்டு கேட்கும்.

செவலை நிறம், மடிந்த காது. எங்கள் கடலைக் கொல்லைக்கு அதுதான் காவல். நரி வரப்பில் கால் வைக்குமுன் அதற்குக் கேட்டுவிடும். ஆனால் தினமும் ஏரியில் விழுந்து புரண்டு வரும். மடிந்த காதுக்குள் ஈரம் தங்கினால் கறுப்பாக அழுக்குச் சேர்ந்து நாற்றம் எடுக்கும். பழைய வேட்டித் துணியை விரலில் சுற்றி, விரல் போகிற மட்டும் துடைப்பேன். குச்சி, ஈர்க்கு எதையும் உள்ளே விட்டதில்லை. மடலின் அடியில் ஒட்டியிருக்கும் உண்ணிகளைப் பிடுங்கி அடுப்புத் தணலில் போடுவேன். யுத்த காலம், விளக்குக்கே மண்ணெண்ணெய் இல்லாதபோது உண்ணியைப் போட எங்கே போவது? நாய் என் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். நாய்க்குச் சீமந்தம் நடக்கிறது என்று மூத்தார் கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

ஐப்பசி அடைமழையில் நான் செந்துறையில் என் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். துடைக்க ஆளில்லை. நாய் ஓயாமல் தலையை உதறிக் காதைச் சுவரில் தேய்த்திருக்கிறது. மூத்தார் ஊர் மாடுகளுக்கெல்லாம் கைவைத்தியம் பார்ப்பவர். குளம்பில் புழு வைத்தால் புகையிலையைச் சுண்ணாம்போடு கசக்கிச் சாறு பிழிந்து ஊற்றுவார். அதே சாற்றை, நாயின் வாயைக் கட்டிப்போட்டு, காதில் ஊற்றிவிட்டார். ஒரு காதோடு நிறுத்தினாரா? சீக்கு மறு காதுக்கும் வந்துவிடக்கூடாதாம், அதிலும் ஊற்றினார். குளம்பும் காதும் ஒன்றா? என் கணவர் பக்கத்திலேயே நின்றாராம். அண்ணன் கையைப் பிடித்துத் தடுக்க இவருக்குக் கை எழவில்லை. இதை அவரே என்னிடம் சொன்னார்.

திரும்பி வந்து வாசலில் நின்று கூப்பிட்டேன். நாய் திரும்பவில்லை. அதன் முதுகுக்குப் பின்னால் பித்தளைத் தட்டைக் கீழே போட்டேன். அசையவில்லை. முன்னால் போய் நின்றதும்தான் வாலை ஆட்டியது. காதுப் புண் தையில் ஆறியது. காது மட்டும் திரும்பக் கேட்கவே இல்லை.

அடுத்த பட்டத்தில் நரிகள் கடலையைத் தோண்டித் தின்றுவிட்டுப் போயின. நாய் வரப்பில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கொல்லையைப் பார்த்துவிட்டு வந்த மூத்தார் தாம்புக் கயிற்றை எடுத்தார்.

“செவிட்டு நாய்க்குச் சோறு எதுக்குடா? அரியலூர் ரோட்டுல கொண்டுபோயி வுட்டுட்டு வரேன்” என்றார் என் கணவரிடம்.

என் கணவர் தரையைப் பார்த்தார். பஸ் ஓடுகிற ரோட்டில் காது கேட்காத நாய் எத்தனை நாள் பிழைக்கும்? வழக்கப்படி நான் நாயைப் பார்த்து, உன்னைச் செவிடாக்கியது யாரென்று கேள் என்றேன். நாய் என் வாயையே பார்த்தது. மூத்தார் தம் பாட்டுக்குக் கயிற்றில் சுருக்குப் போட்டார்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து அவர் முகத்துக்கு நேரே நின்றேன்.

“அந்தப் பொயிலைச் சாத்தைக் கொண்டாங்க, உங்க காதுல ஊத்துறேன். அதுக்கப்புறமும் காது கேட்டா நாயைக் கொண்டு போங்க.”

அவர் கயிற்றைப் போட்டுவிட்டு வெளியே போனார்.

அன்றிலிருந்து நான் அவருக்குப் பயந்து ஒதுங்கியதில்லை. அவர்தான் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சோறு வேண்டுமென்றால்கூட நாயைப் பார்த்துத்தான் சொல்வார். நாய்க்குக் கேட்காத எதற்கும் நான் பதில் சொன்னதில்லை.